நான்காவது கேள்வி

எங்கள் சபையில் ஏழைகளுக்கு மளிகைச் சாமான் பை கொடுக்கும் படிவத்தில் நான்காவது கேள்வியைச் சேர்த்தது நான்தான். 'ஆதரிக்கக்கூடிய உறவினர் உண்டா?' உண்டு என்று எழுதினால் பை கிடையாது. தன் சொந்த வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசமே இல்லாதவனைவிட மோசம் என்று வேதம் சொல்கிறதே, சொந்தக்காரர்கள் கைகழுவிவிட்டுச் சபையின் தலையில் கட்டலாமா என்று கூட்டத்தில் வெளுத்து வாங்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதே என் தம்பி ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பு உடைந்து, வேலையில்லாமல் கிடந்தான். எலக்ட்ரீஷியன். கையில் காசு புரண்ட காலத்தில், என் வீட்டு முன்னறையில் இருக்கும் தையல் மிஷினைப் பார்த்து, "இந்த லொடலொடாவைக் கட்டிட்டு எத்தனை நாளைக்குக்கா மாரடிப்பே?" என்று சிரித்தவன். சின்னப் பேச்சுதான். நான்தான் அதை வருஷக்கணக்காக மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் வாசல் மணி அடித்தது. திரை இடுக்கில் அவனுடைய ஊன்றுகோல் தெரிந்தது. சட்டென்று மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தேன். இன்றைக்கு அரிசி என்பான், நாளைக்கு வாடகை என்பான். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் முறையும் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை சபையின் பின்னறையில் பைகளோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், புதிதாக வந்திருந்த போதகர். வரிசையில் தம்பி வந்து படிவத்தை நீட்டினான். நான்காவது கேள்விக்கு எதிரே அவனுடைய கோணல் எழுத்தில் 'இல்லை' என்றிருந்தது. அது உண்மைதான் என்று கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"என்னடா இது? நான் இருக்கேனே," என்று கிசுகிசுத்தேன்.

"உண்டுன்னு எழுதினா பை தரமாட்டீங்களேக்கா. அடுப்பு பத்த வச்சு ரெண்டு நாளாச்சு."

"வீட்டுக்கு வா, நான் தர்றேன்."

"வந்தேனே." கோபமில்லாமல்தான் சொன்னான். "மிஷின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. மணி அடிச்சதும் நின்னுபோச்சு."

போதகர் எங்கள் பக்கம் குனிந்தார். "என்னம்மா, தெரிஞ்சவரா?"

கூட்டத்தில் அத்தனை பேசிய வாய். என் தம்பி என்று சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் தம்பி போவான். அவ்வளவுதான் விஷயம், அது எனக்கு அப்போதே தெரியும். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்லைங்க ஐயா," என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "வர்றேங்க," என்றான். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்று மட்டுமே கூப்பிட்டவன்.

அன்று இரவு முழுக்க அழுதேன். அழுது என்ன பிரயோஜனம்? மறுநாள் இரண்டு கையிலும் சாமானோடு அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே அவன் பிள்ளைகள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டி, "அக்கா வந்திருக்கேன்டா," என்றேன்.

சிரிப்பு சட்டென்று நின்றது. இன்னொரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, சாமானை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.