மாதிரி நபர் நான்கு

என் அண்ணன் பஸ் டிரைவர். இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசி, ஏதோ கோபத்தில் கிளம்பியவர் மாதிரி நடப்பார். நான் வேலைபார்க்கும் கம்பெனியில், நடையை வைத்தே ஆளை அடையாளம் காட்டும் மென்பொருளுக்குச் சோதனை ஆள் தேடியபோது, நான்தான் அவரை ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். வழிதவறிப்போகும் முதியவர்களைத் தேடத்தான் இது என்று சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் திரும்பத் திரும்ப நடந்துவிட்டு, "என்ன, ராணுவத்துல சேத்துவிடப் போறீங்களா?" என்று எங்கள் குழுவையே சிரிக்க வைத்தார்.

கடைசியில் அதை அரசாங்கம் கேட்டது, ஊர்வலம் போகிறவர்களைக் கண்காணிக்க. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜரிடம் மல்லுக்கு நின்றேன்.

"புரோகிராம் எழுதிக் குடுக்கறதோட நம்ம வேலை முடிஞ்சதும்மா. அவங்க என்ன பண்ணா நமக்கென்ன?" என்றார் அவர்.

செயல்விளக்கம் பார்க்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். திரையில் பஸ் தொழிலாளர்களின் தடைசெய்யப்பட்ட ஊர்வலம். நல்ல மழை. குடை, மழைக்கோட்டு, ஒரு முகமும் தெரியவில்லை. திடீரென்று ஒரு பச்சைக் கோட்டைச் சுற்றிக் கட்டம் விழுந்தது: 'மாதிரி நபர் நான்கு.'

சோதனையில் அண்ணனுக்கு நாங்கள் கொடுத்த பெயர் அது. அடையாளம் தெரிந்தால் அண்ணனுக்கு வேலை போகும், ஜெயிலும் உண்டு.

"யார் இந்த ஆளு? பேர் சொல்லுங்க" என்றார் ஓர் அதிகாரி.

அங்கிருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்த நடை தெரியும். மேனேஜர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"தப்பு சார். அது எங்க டெஸ்ட் ஆளு. ஊர்வலத்துல எப்படி வருவான்? மெஷின் உளறுது."

"தப்பே வராதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"வருது சார்" என்றான் எங்கள் குழுவின் வாயாடி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அடிக்கடி வருது."

"சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று அவர்கள் எழுந்துபோனார்கள். தப்பே செய்யாத ஒன்றை எப்படிச் சரிபண்ணுவது?

வீட்டுக்கு வந்ததும், "கொஞ்ச நாளைக்கு வேற மாதிரி நடங்கண்ணா" என்று விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சமையலறையிலிருந்து வாசல்வரை விறைப்பாக நடந்து காட்டினார். திரும்பும்போது இடது கால் தானாக வெளியே வீசியது.

"வரமாட்டேங்குதே பாப்பா" என்றார். அந்தக் குரலில் பயம் இருந்தது. அண்ணன் பயந்து நான் பார்த்ததேயில்லை.

"விடுங்க. நீங்க உங்க மாதிரியே நடங்க."

அங்கேயே நின்று மேனேஜருக்குப் போன் போட்டேன். "அதைச் சரிபண்ண மாட்டேன்னு நாளைக்கு எழுதிக் குடுக்கறேன் சார். வேலை போனாலும் போகட்டும்."

எதிர்முனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேர் கையெழுத்துக்கு இடம் விட்டு எழுதும்மா" என்றார் மேனேஜர்.