ஏறுகிற பட்டை

புகழ்ந்தே ஒரு ஆளைப் பூட்டி வைக்கலாம் என்பது சின்ன மிஸ்ஸுக்கு அந்த மாதம்தான் தெரிந்தது. திட்டுகிறவர்களை எதிர்த்துப் பேசலாம், அழலாம், கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விடலாம். புகழ்கிறவர்களை என்ன செய்வது? சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நின்றாள்.

அவள் இன்னும் முழு ஆசிரியை ஆகவில்லை. முப்பதைத் தாண்டி, ஒரு பிள்ளையும் பெற்றபிறகு, கணக்கர் வேலையை உதறிவிட்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தவள். கடைசிப் பருவத்தில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழக வேண்டும். முடிவில், வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியதில் என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு வாய்த்தது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. அந்த வகுப்பின் ஆசிரியை பின்பெஞ்சில் உட்கார்ந்து அவள் நடத்துவதைக் கவனிப்பார். அவர் பெரிய மிஸ், இவள் சின்ன மிஸ் என்று பிள்ளைகள் முதல் நாளே பட்டம் கட்டிவிட்டார்கள். பெரிய மிஸ் இவள் தோளுக்குத்தான் வருவார் என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக டேப்லெட்டுகள் வந்திருந்தன. ஆளுக்கொன்று. கேள்வியை இவள் அனுப்பினால் எல்லார் கையிலும் நான்கு நிறக் கட்டங்கள் தோன்றும். சரியான விடையின் நிறத்தை அமுக்க வேண்டும். யார் என்ன அமுக்கினாலும் சுவரில் இருந்த பெரிய திரையில் அந்த நிறப் பட்டை கொஞ்சம் மேலே ஏறும். எல்லாரும் அமுக்கி முடிக்கும்வரை பட்டைகளை மறைத்து வைக்கவும் ஒரு பொத்தான் உண்டு. முதல் நாள் அதைப் பார்த்தாள். பட்டைகள் குதிரைப் பந்தயம் மாதிரி ஏறுவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்குமே என்று மறைக்காமல் விட்டுவிட்டாள். அவள் செய்த தவறு அவ்வளவுதான். நல்ல மனசோடு செய்த தவறுகளுக்கு மட்டும் ஏன்தான் இவ்வளவு வட்டி போடுகிறார்களோ.

பின்னப் பாடம் தொடங்கியது. அரை, கால், முக்கால். முதல் வாரம் கொஞ்சம் தடுமாற்றம். அடுத்த வாரம் வகுப்பே பச்சை. யாருக்குப் பாடம் புரிந்ததோ அவர் பெயர் அறிக்கையில் பச்சையாக வரும். ஒரு பெயர்கூட சிவப்பில்லை. பெரிய மிஸ் கையெழுத்துப் போட்டார். தலைமையாசிரியை வராந்தாவில் இவளை நிறுத்தி, “உன் கையில ஏதோ இருக்கும்மா. அடுத்த வருஷம் இங்க ஒரு இடம் காலியாகுது. வேற எங்கயும் அப்ளிகேஷன் போட்டுடாத” என்றார். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகச் சாயங்காலம் ஒரு தனி வகுப்பு நடந்து வந்தது. எல்லாரும் பச்சையான பிறகு அது எதற்கு? நிறுத்திவிட்டார்கள். அந்தச் சின்ன அறையில் டேப்லெட்டுகளுக்குச் சார்ஜ் போடும் அலமாரியைக் கொண்டு வந்து வைத்தார்கள்.

குட்டு உடைந்தது ஒரு முழங்கையால். வகுப்பில் வக்கீல் என்று ஒரு பையன் இருந்தான். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வான். எல்லாவற்றுக்கும் முதலில் விடை அமுக்குவதும் அவன்தான், அதுவும் சரியாக. அன்றைக்கு, பாதியும் பாதியும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேள்வி. கைக்குழந்தைகூடச் சொல்லும். கீழே விழுந்த அழிப்பானை எடுக்க வக்கீல் குனிந்தபோது அவன் முழங்கை ‘கால்’ என்ற கட்டத்தில் பட்டது. சுவரில் நீலப் பட்டை ஏறியது. அடுத்த நொடி இன்னும் கொஞ்சம் ஏறியது. பிறகு விறுவிறுவென்று உச்சிக்கே போய்விட்டது. வகுப்பு முழுவதும் நீலம். பாதியும் பாதியும் சேர்ந்தால் கால் என்று ஒரு குரலாகச் சொல்லிவிட்டு, அத்தனை பிள்ளைகளும் சமர்த்தாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

சின்ன மிஸ்ஸுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. முன்வரிசைச் சிறுமியிடம் போனாள். குரல் எழும்பவே எழும்பாது என்பதால் அவளைப் பூனைக்குட்டி என்பார்கள்.

“ஏம்மா நீலத்தை அமுக்குனே?”

“அதுதானே மிஸ் ஏறுச்சு.”

“ஏறுனா?”

“ஏறுறதத்தான் அமுக்கணும்.” இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி பார்த்தாள் பூனைக்குட்டி. “முதல்ல எனக்குத் தெரியல மிஸ். தப்புத் தப்பா வந்துச்சு. அப்புறம் கண்டுபிடிச்சுட்டேன்.”

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சின்ன மிஸ்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரோடு ஒத்து வாழ் என்பதைத்தான் இந்தப் பிள்ளைகளுக்கு இத்தனை நாளாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் வண்ண வண்ணமாக. அந்தத் தனி வகுப்புக்குத் தினமும் போய்க்கொண்டிருந்தவர்களில் பூனைக்குட்டியும் ஒருத்தி. அரைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாமலே அவள் அடுத்த வகுப்புக்குப் போவாள். அதற்கடுத்த வகுப்புக்கும் போவாள். என்றோ ஒரு நாள் எல்லாம் சேர்ந்து அவள் தலையில் இடியும்போது, சின்ன மிஸ்ஸின் முகம்கூட அவளுக்கு நினைவிருக்காது.

மணி அடித்ததும் பெரிய மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எப்ப தெரிஞ்சுது உனக்கு?”

“இப்பத்தான் மிஸ்.”

“டெமோ முடிஞ்சப்புறம் தெரிஞ்சதா இருக்கட்டும்.”

அடுத்த வாரம் மாதிரி வகுப்பு. கல்லூரிப் பேராசிரியரும் மற்ற பள்ளிகளின் ஆசிரியர்களும் வந்து இவள் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார்கள்.

“அந்தத் தனி வகுப்பு, மிஸ்?”

“அந்த ரூமையே பிடுங்கியாச்சு. இங்க பாரும்மா, ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் என் கையெழுத்து இருக்கு. பின்னாடி உக்காந்து என்னத்தப் பாத்தேன்னு என்னைத்தான் கேப்பாங்க. நான் என்னத்தப் பாத்தேன்? நானும் ஸ்கிரீனத்தான் பாத்தேன். ஒரு பிள்ளை முகத்தையும் பாக்கல.” குரல் உடைந்தது. “ஓய்வு பெற எனக்கு இன்னும் கொஞ்ச காலந்தான் இருக்கு. கெட்ட பேரோட அனுப்பிடாத.”

மிரட்டியிருந்தால் மீறியிருப்பாள். இந்த மனுஷி கெஞ்சுகிறார். இருதலைக் கொள்ளி எறும்பு என்று புத்தகத்தில் படித்தது உண்டு. எறும்புக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தாள்.

வீட்டிலும் தப்பிக்க வழியில்லை. இவள் படிக்கப் போன நாளிலிருந்து பேரனைத் தூக்கிச் சுமப்பது மாமியார்தான். முழங்கால் வலிக்குத் துணி சுற்றிக்கொண்டு அவன் பின்னால் ஓடுவார். மருமகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது.

“இன்னும் கிடைக்கல அத்தை.”

“ஹெச்செம்மே வாயால சொல்லியாச்சு, அப்புறம் என்ன? கண்ணு படும்னு பாக்குறியா?”

கணவனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

“நீ சொல்லாட்டி என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. அதான் பயமா இருக்கு.”

“மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் ஒரே பொத்தானத்தான் திரும்பத் திரும்ப அமுக்குவாங்க” என்றான். தைரியம் சொன்னானா, கிண்டல் செய்தானா என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை. கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டாள். ‘தொழில்நுட்பத்தின் உதவியால் ஒவ்வொரு மாணவரின் புரிதலையும் உடனுக்குடன் அறிய முடிந்தது’ என்று எழுதினாள். முழுப் பூசணிக்காய் எவ்வளவு அழகாகச் சோற்றுக்குள் போகிறது. அந்த வாக்கியத்தை அழிக்கவில்லை. பாதகத்தி, அதற்கு மேலும் இரண்டு பக்கம் எழுதினாள்.

மாதிரி வகுப்பு அன்று அறையில் நாற்காலி போட இடமில்லை. பேராசிரியர் ஜன்னலோரம். தலைமையாசிரியை நடுவில், கல்யாண வீட்டுப் பெண்ணின் தாய் மாதிரி எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய மிஸ் வழக்கமான பின்பெஞ்சில். பிள்ளைகள் தலைவாரி, நெற்றி பளபளக்க உட்கார்ந்திருந்தார்கள். பூனைக்குட்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத் தெரிந்த பாடம் அதுதானே.

சின்ன மிஸ் விரல் அந்தப் பொத்தான் மேல் நின்றது. மறைத்தால் பிள்ளைகள் தவிப்பார்கள். மறைக்காவிட்டால் எல்லாம் பச்சை, எல்லாருக்கும் கைதட்டல், அந்தக் கைதட்டலுக்குப் பிறகு வாயைத் திறக்கவே முடியாது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? யார் எதை அமுக்கினார்கள் என்று திரையில் பெயர்கள் வராதபடி முதலில் அணைத்தாள். பிறகு பட்டைகளை மறைத்தாள்.

கேள்வி போனது. மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று, எது பெரியது? திரை வெறுமையாக இருந்தது. பிள்ளைகள் திரையைப் பார்த்தார்கள். பிறகு வக்கீலைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். நேரம் முடியப்போகிற சத்தம் கேட்டதும் பயந்துபோய் ஆளுக்கொன்றை அமுக்கினார்கள். முடிவு வந்தபோது நான்கு நிறமும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நின்றன. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் இதேதான் வரும்.

தலைமையாசிரியை எழுந்தார். “நெட்வொர்க் போல இருக்கு” என்று விருந்தாளிகளிடம் சொன்னார். “நெட்வொர்க்தானேம்மா?”

இவள் தப்பித்துப்போகக் கதவைத் திறந்து பிடிக்கிற மாதிரி கேட்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

“நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு மேடம்” என்றாள். “இத்தனை நாள் பட்டைய மறைக்காம விட்டது நான். எது ஏறுதோ அத அமுக்கினாங்க. அவங்களுக்குப் பின்னம் தெரியல. எனக்கே இப்பத்தான் தெரியும். தனி வகுப்பத் திரும்பத் தொறக்கணும்.”

பேராசிரியர் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். பின்பெஞ்சில் பெரிய மிஸ் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

தலைமையாசிரியை தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினார். “உண்மைய சொன்ன, சரி. என் ரூமுக்கு வந்து சொல்லியிருக்கலாம்ல? பிள்ளைங்கள வச்சுக்கிட்டா சொல்லணும்?” அது நியாயம்தான். “தனி வகுப்பு இன்னைக்கே ஆரம்பிக்கட்டும், நீயே எடு. அந்தக் காலி இடத்தைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்.” யோசித்துச் சொல்வது என்றால் என்னவென்று தெரியாத வயதா அவளுக்கு?

உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். சாயங்காலம், சார்ஜ் அலமாரி வைத்திருந்த அந்தச் சின்ன அறையில் அவளுக்கு மூச்சு முட்டியது. அலமாரிக்கும் சுவருக்கும் இடையே இரண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். ஜன்னலை அலமாரி மறைத்துவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் பூனைக்குட்டி வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“நான் என்ன தப்பு பண்ணேன் மிஸ்?”

“நீ ஒண்ணும் பண்ணலடா.”

“அப்புறம் ஏன் திரும்ப மக்கு ரூமுக்கு அனுப்புனீங்க? நான் பச்சைல்ல?”

சின்ன மிஸ் ஒரு காகிதத்தைப் பாதியாக மடித்தாள். அதை மறுபடி மடித்தாள். பூனைக்குட்டி காகிதத்தைப் பார்க்கவே இல்லை. சுவரில் திரை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெறும் சுண்ணாம்புதான் இருந்தது.

“அம்மாகிட்ட பாஸாயிட்டேன்னு சொல்லிட்டேன்” என்றாள். “இப்ப நீங்களே வந்து சொல்லுங்க.”

வகுப்பு முடிந்து வந்தபோது பள்ளி வாசலில் பூனைக்குட்டியின் அம்மா நின்றிருந்தாள். ரொட்டித் தொழிற்சாலைச் சீருடை. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள், முழங்கையில் மாவு. சின்ன மிஸ்ஸைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“மிஸ், உங்களப் பாக்கணும்னே இருந்தேன். எனக்கும் சின்ன வயசுல கணக்கு வராதுங்க. யாரும் கண்டுக்கல, தள்ளித் தள்ளி விட்டுட்டாங்க. இவளும் என்னை மாதிரியே ஆயிடுவாளோன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? நீங்க வந்துதான்...”

“அம்மா, ஒரு நிமிஷம்” என்றாள் சின்ன மிஸ். “இவளுக்கு இன்னும் பின்னம் வரல. நான் சரியா சொல்லிக்குடுக்கல.”

“பச்சைன்னு வந்துச்சுங்களே?”

“அது தப்பா வந்துச்சு. தப்பு என்னோடது. இவளோடது இல்ல. இன்னைலேர்ந்து தனி வகுப்பு இருக்கு.”

அந்தச் சிரிப்பு உடனே போகவில்லை. போவதற்கு வழி தெரியாதது போல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். மகளின் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, மரியாதையாகவே கேட்டாள்.

“அந்த வகுப்பு யார் எடுப்பாங்க மிஸ்?”

“நான்தான்.”

“வேற யாரும் இல்லைங்களா?”

“இல்லைங்க” என்றாள் சின்ன மிஸ். “நான்தான் எடுக்கணும்.”