முன்சீட்டில் டூபா

“முன்சீட்டு அதுக்கு, பின்சீட்டு எனக்கு. பெல்ட்டும் முதல்ல அதுக்குத்தான். நான் பின்னாடி உருண்டு விழுந்தாக்கூட நீ திரும்பிப் பாக்க மாட்டே. அது லேசா சாஞ்சா வண்டியையே நிறுத்துவே.”

“மார்லிஸ், கராஜ் கதவு திறந்திருக்கு.”

“திறந்தே இருக்கட்டும். இந்தத் தெருவுல யாருக்குத் தெரியாத கதை இது?”

அவள் சொன்னதில் பிழையில்லை. ஹாவ்தார்ன் தெருவில் எல்லார் கதையும் எல்லாருக்கும் தெரியும். பிப்ரவரி கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. ராத்திரி கொட்டிய பனியை வாசலிலிருந்து வாரிக்கொண்டிருந்த நாங்கள் ஆறு வீட்டுக்காரர்களும் கையை மெதுவாக்கிக்கொண்டோம். பனி எங்கேயும் ஓடிப்போகாது. ஹால்வர்சன் தம்பதி கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போடுவது என்றைக்கோ ஒருநாள்தான்.

ஆரின் ஹால்வர்சனுக்கு அறுபத்திரண்டு வயது. எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் டூபா பேராசிரியர். மடியில் தூக்கி வைத்துக் கட்டிப்பிடித்து ஊத வேண்டிய அந்தப் பித்தளைப் பூதத்துக்குத் தனியாக ஒரு பேராசிரியர் இருக்கிறார் என்பதை அயோவாவுக்கு வெளியே யாராவது நம்புவார்களோ என்னவோ, எங்களுக்குச் சோளம் விளைவதைப்போல அதுவும் சகஜம். இசைத் துறைக் கட்டடத்தில் அவருடைய அறை கொதிகலனுக்குப் பக்கத்தில், அடித்தளத்தில் இருக்கிறது. முதலில் மூன்றாம் மாடியில்தான் கொடுத்தார்கள். கீழே இருந்த பாட்டு டீச்சர் தன் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று எழுதிக் கொடுத்து அவரை இறக்கினாள். அது நடந்து இருபத்தொன்பது வருஷம். வாரம் எட்டுப் பையன்களும் பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் அந்த அறையில் அவர் முகத்துக்கு நேரே மூச்சு விட்டார்கள். வசந்த காலத்தில் உயர்நிலைப் பள்ளி பள்ளியாகப் போய், “யாராவது டூபா படிக்க வாங்களேன்” என்று ஆள் பிடித்தார். வருஷத்துக்கு ஒருமுறை தனிக் கச்சேரி வைத்தார். வருகிறவர்கள் இருபது பேர். அதில் எட்டு பேர் வருகைச் சீட்டில் கையெழுத்து வாங்க வந்த மாணவர்கள். மிச்சத்தில் நாங்கள் சிலர், கச்சேரி முடிந்ததும் மார்லிஸ் வைக்கும் ஆப்பிள் பை என்ற பலகாரத்துக்காக.

பல்கலைக்கழகம் பாதிதான். மீதிப் பாதி, ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கும் நகரத்து இசைக்குழு. அங்கேயும் இருபத்தொன்பது வருஷமாக டூபா நாற்காலி ஆரினுடையது. ஒரு குழுவுக்கு ஒரே டூபா. அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அவராக எழுந்தால்தான் உண்டு. இப்போதைய காரை வாங்கும்போதுகூட ஆரின் கடைக்கு டூபாவைத் தூக்கிக்கொண்டு போய், முன்சீட்டில் உட்கார்த்தி, பெல்ட் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதற்கு முன்னால் ஒரு தடவை பின்சீட்டில் வைத்து, வழியில் மான் குறுக்கே ஓடி, பிரேக் போட்டதில் டூபாவின் அகன்ற புனல் வாய் நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து மார்லிஸ் பின்சீட்டுக்கு மாறினாள்.

ஆனால் அன்றைய சண்டை சீட்டைப் பற்றியது அல்ல. சீட்டு ஒரு சாக்கு. சண்டை ஒரு காகிதத்தைப் பற்றியது.

மார்லிஸுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. பனிக்காலத்தில் மாடிப்படி ஏறினால் மேலே போய்ச் சேர கால்மணி நேரம். அவளுடைய தங்கை ஆர்டிஸ் அரிசோனாவில், வெயிலில், ஒற்றைத் தளம் வைத்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் பக்கத்து வீடு காலியாகிறது. வீட்டுக்காரரிடம் சொல்லி மார்ச் ஒன்றாம் தேதி வரைக்கும் பிடித்து வைத்திருந்தாள். பல்கலைக்கழகத்திலும் ஓய்வுக் கடிதம் கொடுக்க அதே மார்ச் ஒன்றுதான் கடைசி நாள். கடிதம் தயார். மார்லிஸே தட்டச்சு செய்து கொடுத்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி. அது மூன்று வாரமாக டூபாப் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில், எண்ணெய்ப் புட்டிக்கும் துடைக்கிற துணிக்கும் நடுவில் கிடந்தது. இன்னும் இரண்டு நாள்.

கையெழுத்துப் போடாததற்கு ஆரினுக்கு ஒரு காரணம் இருந்தது. டூபா கான்செர்ட்டோ. அதாவது டூபாக்காரன் கடைசி வரிசையிலிருந்து எழுந்து முன்னால் வந்து நடுவில் உட்கார, வயலின் முதற்கொண்டு மொத்தக் குழுவும் அவனுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கும். இருபத்தொன்பது வருஷத்தில் இசைக்குழுவின் மூன்று நடத்துனர்கள் அதை அவருக்கு வாக்குக் கொடுத்தார்கள். ஒருவர் விவாகரத்தாகி ஊரைவிட்டுப் போனார், ஒருவர் பெரிய ஊருக்குப் போனார், ஒருவர் வாக்குக் கொடுத்ததையே மறந்து போனார். நாலாவது ஆள் ஜூலியன் ஃபெஸ்கி, முப்பத்தாறு வயது. இந்த மே மாதம் என்று சொல்லியிருந்தான். மே மாதத்து நிகழ்ச்சி நிரல் அச்சாகி இன்றைக்கு மேடைக்குப் பின்னால் வைப்பார்கள். அதில் தன் பெயரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார் ஆரின். தள்ளிப்போனால்? தள்ளிப்போனால் ஒரே ஒரு வருஷம்.

“ஒரு வருஷம், ஒரு வருஷம்னு என் முட்டியே போயிடுச்சு” என்றாள் மார்லிஸ். பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பிறகு கண்ணாடியை இறக்கி, தெருவுக்கே கேட்கும்படி, ஆனால் கத்தாமல் சொன்னாள்: “செவ்வாக்கிழமை நான் டிக்கெட் எடுக்கிறேன். ஒண்ணா ரெண்டான்னு மட்டும் நீ சொன்னா போதும்.”

கார் போன பிறகு நாங்கள் வேகமாகப் பனி வாரினோம்.

கச்சேரி மதியம் இரண்டு மணிக்கு. ஒரு மணிக்கெல்லாம் ஆரின் மேடைக்குப் பின்னால் இருந்த பலகையில் நிரலைப் பார்த்துவிட்டார். மே மாதம்: சினிமாப் பாட்டு மாலை, விண்வெளி உடையில் வரும் குழந்தைகளுக்கு அனுமதி இலவசம். ஜூலியன் ஃபெஸ்கி அந்தப் பக்கமாக வந்தான். அவர் தோளில் கை வைத்து, குழுவின் நிர்வாகிகள் டிக்கெட் விற்பனையைப் பார்க்கிறார்கள், தன் கையில் ஒன்றுமில்லை என்றான். “அடுத்த வருஷம் கண்டிப்பா, ஆரின். உங்களுக்கு இல்லேன்னா வேற யாருக்கு?”

வேறு யாராவது அந்தக் கையைத் தட்டிவிட்டிருப்பார்கள். ஆரின் என்ன செய்தார் தெரியுமா? நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த வருஷத்துக்கு மார்லிஸிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தார். மாடிப்படிக்குப் பதிலாகக் கீழறையில் கட்டில் போட்டுவிடலாம். முட்டிக்கு ஊசி போடுகிறார்களாமே. இருபத்தொன்பது வருஷப் பழக்கம். நம்பிக்கை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பாதிக்கு மேல் அலுப்புதான். எழுந்து போகிற அலுப்பைவிட உட்கார்ந்திருக்கிற அலுப்பு சுலபம்.

அன்றைய கடைசி உருப்படி ஒரு பெரிய சிம்ஃபொனி. முக்கால் மணி நேரம். அதில் டூபாவுக்கு மொத்தம் பதினோரு சுரம். பதினொன்றும் நடுவில் வரும் மெதுவான பகுதியில், ஒரே இடத்தில், டிராம்போன் என்ற இழுப்புக் குழல்களோடு சேர்ந்து வருகிறது. அதற்கு முன்னாலும் பின்னாலும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். டூபாக்காரனின் உத்தியோகமே இதுதான்: ஊதுவது கொஞ்சம், எண்ணுவது நிறைய. நூற்றுக்கணக்கான ஆவர்த்தனங்களை விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே இருந்து, சரியான நொடியில் நுழைய வேண்டும். ஆரின் தன் மாணவர்களுக்கு முதல் வருஷம் முதல் பாடமாக ஊதச் சொல்லித்தர மாட்டார். விரலை மடக்கச் சொல்லித்தருவார்.

மெதுவான பகுதி ஆரம்பித்தது. ஆரின் எட்டு எட்டாக விரல் மடக்கினார். பக்கத்து நாற்காலியில் கஸ் வாக்டர், தாழ்ந்த சுர டிராம்போன் வாசிப்பவர், மனைவியை இழந்த மனிதர், தினசரியின் குறுக்கெழுத்துப் புதிரைத் சுரத்தாள் தாங்கிக்குக் கீழே ஒளித்து வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். ஆரினுக்குத் தன் மாணவர்களின் ஞாபகம் வந்தது. மொத்தம் எண்பத்து மூன்று பேர். வாசித்துப் பிழைப்பது எத்தனை பேர்? ராணுவ பேண்டில் ஒருத்தன். உல்லாசக் கப்பலில் ஒருத்தி. இரண்டு விரல். பள்ளிக்கூட பேண்ட் மாஸ்டர்கள் ஒரு பதினெட்டு. காப்பீட்டு ஏஜென்ட் ஆறு. டார்ல் பன்றி வளர்க்கிறான், கிறிஸ்துமஸ்தோறும் ஒரு தொடை அனுப்புவான், நல்ல பையன், அவனுக்கு மூச்சு ரொம்ப நன்றாக இருந்தது. டார்லுக்கு ஒரு விரல். அதற்கு முன்னால் ஒரு பெண் வருவாளே, பாதியில் நின்றாளே, அவள் பெயர்...

டிராம்போன்கள் ஆரம்பித்துவிட்டன.

ஆரின் கையைப் பார்த்தார். நாலு விரல் மடங்கியிருந்தது. அது ஆவர்த்தனமா, காப்பீட்டு ஏஜென்ட்டா என்று தெரியவில்லை. டூபா மடியில்தான் இருந்தது, வாயருகே வரவே இல்லை. பிந்தி நுழைந்தால் நாய் ஊளையிட்ட மாதிரி இருக்கும். அதைவிட நுழையாமலிருப்பது மேல். கஸ் கடைக்கண்ணால் பார்த்தார். நிலைமை புரிந்தது. அந்த இடத்தில் டூபாவுக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சுரங்கள்தான். மனிதர் கன்னம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு ஆளுக்கும் சேர்த்து ஊதினார். முன்வரிசை கிளாரினெட் ஒருத்தி திரும்பிக்கூடப் பார்த்தாள். பதினோரு சுரமும் போயின. இனி ஆரினுக்கு அன்றைக்கு வேலை இல்லை. மிச்சம் இருபத்தைந்து நிமிஷம் ஆரின் மடியில் கனத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கைதட்டல் முடிந்து பின்னால் வந்ததும் ஜூலியன் ஃபெஸ்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டே நேராக அவரிடம் வந்தான்.

“ஆரின், அந்த மெதுவான இடத்துல இன்னிக்கு டூபா இருந்துச்சே. இந்த மாதிரி நான் கேட்டதே இல்ல. அஸ்திவாரம் மாதிரி.”

கஸ் தன் குழாயிலிருந்து எச்சில் வடிக்கக் குனிந்துகொண்டார். ஆரின் மறுபடியும் நன்றி சொன்னார். இந்த முறை சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்ததாம்.

காரில் பழையபடி டூபா முன்னால், மார்லிஸ் பின்னால். நாற்பது மைல் மார்லிஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் வெள்ளையாகக் கிடக்கும் சோள வயல், ஐந்தரை மணிக்கு மங்கத் தொடங்கிய வெளிச்சம். காலையிலிருந்த கோபம்தான் இன்னும் என்று ஆரின் நினைத்தார்.

“நீ வாசிக்கல” என்றாள் பின்னாலிருந்து.

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“இருபத்தொன்பது வருஷம், புரொஃபசரே. பால்கனியில உக்காந்து கைப்பை மேல நானும் விரலை மடக்கிட்டுத்தான் இருக்கேன். வேற என்ன வேலை எனக்கு அங்க? அந்த எடத்துல ஒன் குரல் இல்ல. கஸ் மட்டும் கத்தினான், பாவம்.”

“எண்ணிக்கை விட்டுட்டேன்.”

“முன்ன விட்டதே இல்லியே.”

“இல்ல. ஜூலியன் ரொம்பப் பாராட்டினான்.”

மார்லிஸ் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு ஆறுதலாக இருந்தது. அந்த மண்டபத்தில் ஆயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள், நடத்துனரையும் சேர்த்து. டூபா வாசிக்கவில்லை என்று தெரிந்தது இரண்டே பேருக்கு. ஒருவர் கூடவே உட்கார்ந்து ஊதியவர். இன்னொருத்தி பின்சீட்டில் இருந்தாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு.

அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் வண்டியைத் திருப்பினார். பெட்ரோல் போடவில்லை. இறங்கி, முன்கதவைத் திறந்து, டூபாவின் பெல்ட்டைக் கழற்றினார். பின்சீட்டுக்கு அது போக மறுத்தது. வாய் முதலில் போனால் அடி இடித்தது, அடி முதலில் போனால் வாய். பன்றி லாரி ஓட்டி வந்த ஒருவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பக்கம் பிடித்தார். இந்தக் கழுதையின் உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டார். காற்று என்றாள் மார்லிஸ், குளிரில் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டு. இருபது நிமிஷம் போராடி, கடைசியில் வாய்ப்பக்கம் முன்சீட்டு இரண்டுக்கும் நடுவில் துருத்திக்கொண்டிருக்க ஒருவழியாகப் படுத்தது. புதுசாக ஒரு நசுங்கலும் விழுந்தது. ஆரின் அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மார்லிஸ் முன்னால் ஏறி, காலை நீட்டினாள். பக்கவாட்டுப் பாக்கெட் அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த கடிதத்தை எடுத்து, டூபாவின் வாயையே மேஜையாக்கி வைத்தாள். பேனாவை லாரிக்காரர் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடிதம் அலுவலகத்துக்குப் போனது. செவ்வாயன்று மார்லிஸ் இரண்டு டிக்கெட் எடுத்தாள். அதோடு கேட்காமலே டூபாவுக்கும் ஒன்று.

ஜூனில் அவர்கள் கிளம்பினார்கள். நாங்கள் சர்ச்சின் கீழறையில் விருந்து வைத்தோம். வீட்டில் இப்போது ரெனாட்டா கோல்ப் என்ற இளம்பெண் குடியிருக்கிறாள், பல்கலைக்கழகத்தின் புது டூபா டீச்சர், அரை நாள் உத்தியோகம். போன மாதம்தான் உயர்நிலைப் பள்ளி வேதியியல் வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். ஜூலியன் ஃபெஸ்கி பெரிய ஊருக்குப் போய்விட்டான். பன்றி வளர்க்கும் டார்ல் இப்போது அரிசோனாவுக்குத் தொடை அனுப்புகிறான்.

கஸ் வாக்டர் அந்த நவம்பரில் நன்றி சொல்லும் பண்டிகைக்கு ஆரின் வீட்டுக்கு நாலு நாள் தங்கப் போனார். பக்கத்து வீட்டு ஆர்டிஸும் சாப்பாட்டுக்கு வந்தாள். கஸ் திரும்பி வரவில்லை. டிராம்போனை அனுப்பி வைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. வசந்தத்தில் அவருக்கும் ஆர்டிஸுக்கும் கல்யாணம். பதினோரு சுரத்தை யார் ஊதினார்கள் என்ற கதையை கஸ் முதல் நாள் விருந்திலேயே ஆர்டிஸிடம் சொல்லிவிட்டாராம். ஆர்டிஸ் மறுநாள் காலை எங்கள் தெருவுக்குப் போன் போட்டாள். எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான். ஆரின் சொல்லியிருப்பாரா என்ன?