சீற்றுக்குக் கீழே ஒரு சுவிட்ச்

மோட்டார் சைக்கிளுக்குக் கூடுதலாக இரண்டு விளக்குப் பூட்டினால், அதன் சுவிட்சை எங்கே வைக்கச் சொல்வீர்கள்? கைப்பிடியில் என்றுதானே? கொழும்பு கொட்டாஞ்சேனையில் வயரிங் வேலை செய்த ஹியூபேட்டும் அங்கேதான் வைப்பான். சண்டைக் காலம். சந்திக்குச் சந்தி மறித்துச் சோதிப்பார்கள். தமிழனுடைய வண்டியில் ஒளித்த வயர் ஒன்று அகப்பட்டால் அவ்வளவுதான். அதனால் வயரை வெளியே தெரியவே விடுவான். பார்க்க வடிவில்லை. ஆனால் ஆமிக்காரன் டோர்ச் அடித்துப் பார்த்தால், எது எங்கே போகிறதென்று அவனுக்கே விளங்கும்.

வெள்ளவத்தையிலிருந்து வந்த தில்லைநாதனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஒரு கந்தோரில் கிளார்க். கரண்ட் வெட்டு நடந்த நாட்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும் மனைவி அருந்ததியை இருட்டு ரோட்டில் ஏற்றிவரத்தான் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் இரண்டு மஞ்சள் விளக்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“கைப்பிடியிலை வேண்டாம் தம்பி. ஒழுங்கைப் பெடியள் தட்டிப்போட்டு ஓடுவாங்கள். விடிய பற்றரி செத்துக் கிடக்கும். சீற்றுக்குக் கீழை வை.”

“அண்ணே, செக்பொயின்ற்ல கண்டா என்ன நினைப்பான்?”

“என்னைப் பார்த்தோ? இந்த வயித்தைத் தூக்கிக்கொண்டு நான் இயக்கத்துக்குப் போவனோ?”

ஹியூபேட் சிரித்துவிட்டான். சிரித்ததோடு சம்மதித்தும் விட்டான். வயர்களைக் கறுப்பு ஒட்டு ரேப்பால் சுற்றி, பெற்றோல் ராங்குக்கு அடியால் இழுத்து, சீற்றுக்குக் கீழே முடித்தான். கனகாலத்துக்குப் பிறகு வடிவாகச் செய்த வேலை. தள்ளி நின்று பார்த்துக்கொண்டான்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் அருந்ததி ஹியூபேட்டின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரி உடுப்பு மாற்றவில்லை.

“நேற்று இரவு என்னை ஏத்த வாற வழியிலை அவரை மறிச்சிட்டாங்கள். சீற்றைக் கழட்டிப் பார்த்திட்டு, குண்டுக்கு வைச்ச சுவிட்ச் எண்டு பொலிசிலை குடுத்திட்டாங்கள். ஆர் பூட்டினது எண்டு கேட்டு அடிக்கிறாங்கள்.”

“அண்ணன் என்ன சொன்னாரு?”

“உங்கடை பேரைச் சொல்லேல்லை. பிள்ளைகுட்டிக்காரன், பாவம் எண்டு பொலிசிலை பார்க்கப் போகேக்கை என்னட்டைச் சொன்னவர். நீங்கள் வந்து ஒருக்கால் சொன்னால் விடுவாங்கள்.”

ஹியூபேட் சேட்டை எடுத்து மாட்டினான். போய்ச் சுவிட்சைத் தட்டினால் போதும், விளக்கு எரியும். அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்? சிங்களமும் அவனுக்குத் தண்ணீர்பட்டபாடு.

மனைவி மெற்றில்டா சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த மைம்மல் இருட்டுல தனியா போனா உங்களையும் உள்ள போட்ருவான். விடிய பூசை முடியட்டும். ஃபாதரக் கூட்டிக்கிட்டு போங்க. அவர் சொன்னா கேப்பான்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பயமும் இருந்தது, அது அவனுடையது. அவன் அருந்ததியின் முகத்தைப் பார்க்காமல், “விடியவே வந்துர்றேன் அக்கா” என்றான்.

“இண்டைக்கு இரவு அவருக்கு...” என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஹியூபேட் சேட்டோடேயே இருந்தான்.

மறுநாள் காலை பூசை முடிந்து ஃபாதரும் அவனும் போனார்கள். மோட்டார் சைக்கிள் பொலிஸ் முற்றத்தில் நின்றது. ஹியூபேட் சுவிட்சைத் தட்டினான். இரண்டு விளக்கும் எரிந்தன. விளக்குத்தான் என்று சார்ஜன்ட் ஒத்துக்கொண்டான். ஆளை விடியுமுன்னே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், எங்கே என்று தனக்குத் தெரியாது என்றான். அருந்ததி சோற்றுப் பார்சலோடு கேற்றடியில் நின்றாள்.