நாலாயிரம் கிலோமீட்டரும் நாலு கிலோமீட்டரும்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒரு கைப்பேசித் தேடலில் பிறந்தது. பெர்த்திலிருந்து கோலாலம்பூர்: நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், விமானத்தில் ஐந்தரை மணி நேரம். தேடியவன் ராய்ஸ்டன், பிரிஞ்சாங் மலையிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவன். அவன் அப்பா கிளாரன்ஸ் வியாழக்கிழமை இறந்துபோனார். அக்கா கரேன் பெர்த்தில் தாதி. அவள் வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் பெட்டியை மூட வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்கு அடக்கம் என்று போதகரிடம் நேரம் குறித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

"ஏர்போர்ட்லேர்ந்து நம்ம தோட்டத்து லைன் வீட்டுக்கு மூணரை மணி நேரம்லா. நான் ஓட்டாத ரோடா?"

(அவன் ஓட்டுவது நடுச்சாமத்தில். லோரிக்காரர்கள் தூரத்தை ராத்திரி மணியில்தான் சொல்வார்கள். பள்ளி விடுமுறையில் ஸ்ட்ராபெரி வாங்க கியா பார்முக்கு ஏறிவரும் கார்களை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.)

2

வேறு தொடக்கம்: 'தேயிலைச் சரிவில் மூடுபனி மெல்ல இறங்கி...'

வேண்டாம். மூடுபனிக்குப் பின்னால் மழை வரும். கல்லறைக் குழியில் காலையிலேயே ஒருமுறை தண்ணீர் இறைத்தாயிற்று.

3

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியை மூடுமுன் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது எங்கள் சபை வழக்கம். கதை எழுதுகிறவன் என்பதால் அது என் தலையில்தான் விழும். அரைப் பக்கம், மூன்று நிமிடம். பிறகு ஜெபம். பிறகு மூடி.

மணி மூன்று ஐம்பது. கரேன் பிரிஞ்சாங்கில் நிற்கிறாள். இன்னும் நாலு கிலோமீட்டர்.

"கார் அசையவே இல்லடா," என்று தம்பியிடம் போனில் அழுதாள். "நான் நடந்து வரேன். மூடிடாதீங்க."

போதகர் டொமினிக் வானத்தைப் பார்த்தார். "பிரதர், இதுக்கு மேல தாங்காது. ஆரம்பிங்க."

ராய்ஸ்டன் பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். கிளம்புமுன் என் காதருகே குனிந்தான். "அங்கிள், கொஞ்சம் இழுங்கலா. உங்களுக்குக் கதை விடத் தெரியும்ல?"

4

இழுக்கிறேன். பிறப்பு, ஞானஸ்நானம், தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை, திருமணம். காகிதம் தீர்ந்துவிட்டது.

"கிளாரன்ஸ் அண்ணன் தோட்டத்துக் கால்பந்துக் குழுவில்..." என்று ஆரம்பித்தேன்.*

(* பொய். அவர் பந்தை உதைத்ததே கிடையாது. செத்தவரை முன்னால் வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.)

பெட்டியருகே உட்கார்ந்திருந்த அவர் மனைவி பார்பரா சட்டென நிமிர்ந்தார். என் பொய் வெட்டவெளிச்சமாகப் போகிறது என்று நினைத்தேன். அவர் வாசலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"தம்பி, அந்த ரெண்டாவது கோல விட்டுட்டீங்களே," என்றார்.

5

முடிவு அ: நனைந்த தலையோடு கரேன் உள்ளே ஓடிவருகிறாள். முடிவு ஆ: அவள் வரும்போது பெட்டி... இல்லை, இதை எழுத மாட்டேன்.

தகரக் கூரையில் முதல் துளிகள் விழுந்துவிட்டன. போதகர் வேதப்புத்தகத்தைத் திறக்கிறார். நான் நிறுத்தினால் அவர் ஜெபிக்கத் தொடங்கிவிடுவார். நீங்கள் வாசல் பக்கம் நிற்கிறீர்கள், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மோட்டார் சத்தம் கேட்கிறதா? கேட்டால் கையை உயர்த்துங்கள். அதுவரை முற்றுப்புள்ளி வைக்க மாட்டேன். ஆக, அந்த மூன்றாவது கோல் எப்படி விழுந்தது என்றால், சகோதர சகோதரிகளே,