தலைமாட்டுப் பலகை

என் புருஷன் நல்லமுத்துவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் கை கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. அவருடைய அக்கா தனலெட்சுமி எங்கள் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டின் நடு ஹாலில் நின்றுகொண்டு உத்தரவு போட்டார்.

"குமுதா, அந்தக் கட்டில இன்னிக்கே கீழ இறக்கிரு. ஆள் போன கட்டில் வீட்டுல கிடக்கக் கூடாது. அது இருக்கிற வீட்டுல நான் இனிமே பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் தலையாட்டினார்கள். என் மகன் கோகிலனும் ஆட்டினான். எனக்கு வந்ததே கோபம்.

பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் அவர் அந்தக் கட்டிலில்தான் கிடந்தார். நான்தான் புரட்டிப் போட்டேன், துடைத்து விட்டேன், கஞ்சி ஊட்டினேன். இந்த அக்கா கடலுக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் இருக்கிறார். பாலம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். வரவில்லை. போன் பண்ணுவார், "தம்பி சாப்பிட்டானா?" என்பார், வைத்துவிடுவார். தம்பி உயிரோடு இருந்தவரை கட்டில் பக்கம் வந்து நிற்காதவர், இப்போது கட்டிலுக்கு மட்டும் சட்டம் பேசுகிறார். அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். கட்டிலை மட்டும் இறக்கவில்லை.

எங்கள் வீட்டில் எதுவும் லேசில் குப்பைக்குப் போகாது. பழுதான வாஷிங் மெஷினின் உருளையைக் கழற்றிக் கவிழ்த்து, மேலே பஞ்சு வைத்துத் தைத்து முக்காலி ஆக்கியிருக்கிறேன். மேசை ஃபேனின் கம்பிக் கூண்டு அடுப்படிச் சுவரில் தொங்குகிறது, சட்டி மூடிகள் எல்லாம் அதில்தான் செருகியிருக்கும். கிழிந்த குடைத் துணியில் மார்க்கெட் பை தைத்தேன், மழையில் நனைந்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. 'சூராட் காபார் லாமா' என்று கூவிக்கொண்டு பழைய பேப்பர் வாங்க வரும் லாரியின் 'லாமா'வை, அதாவது 'பழசு' என்பதைத்தான், சொந்தக்காரர்கள் எனக்குப் பெயராக வைத்திருந்தார்கள். "லாமா குமுதா வீட்டுக்குப் போறியா? பாத்து, உன்னையும் கழட்டி எதுலயாச்சும் மாட்டிருவா லா!" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் புருஷன் ஒரு நாளும் சிரித்ததில்லை. அந்த முக்காலியில் கால் நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பார்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் கோகிலன் பேச்சை ஆரம்பித்தான். "மா, லாரிக்காரன் வர்றான். கட்டில எடுத்துக்கச் சொல்லவா? அத்தை கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"அத்தை கேட்டா அத்தைகிட்ட பதில் சொல்லு. என்கிட்ட ஏன்டா வர்ற?"

"நம்ம ஆளுங்க வழக்கம் அதுதானமா?"

எங்கள் ஃப்ளாட்டில் யாராவது செத்தால் அடுத்த நாள் கீழே குப்பை போடும் இடத்தில் மெத்தையும் கட்டிலும் மழையில் நனைந்துகொண்டு கிடக்கும். நாய் ஏறிப் படுக்கும். அந்த இடத்தில் இவருடைய கட்டிலை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. மெத்தையை நானே போட்டுவிட்டேன், அது போகவேண்டியதுதான். ஆனால் மரம் என்ன பாவம் செய்தது? என் மாமியார் காலத்துக் கட்டில். நாலு மூலையிலும் கொசுவலை கட்ட ஆளுயரக் கால்கள், தலைமாட்டில் பூ செதுக்கிய பலகை. இன்றைக்கு அந்தக் கனத்தில் மரம் எங்கே கிடைக்கும்?

பக்கத்து வீட்டு ஷரீஃபாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டார்.

"இதுல என்ன குமுதா இருக்கு? எங்க பள்ளிவாசல்ல மையத்து தூக்குற சந்தூக்குப் பெட்டி ஒன்னுதான். எங்க அத்தா அதுலதான் போனாங்க, எங்க மாமியும் அதுலதான் போனாங்க. கொண்டு போய் விட்டுட்டு, கழுவி, அடுத்தவங்களுக்கு வெச்சிருவோம். யாரும் தூக்கிப் போட்டதில்ல. நாளைக்கு எனக்கும் அதான்."

எனக்கு அது போதும். அன்று சாயந்திரமே ஷரீஃபாவின் புருஷனிடம் ரம்பமும் துளை போடும் மெஷினும் இரவல் வாங்கினேன். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் பாதி ஆயுசு திருப்புளி பிடித்த கை இது, ஒன்றும் மறந்துவிடவில்லை.

வீட்டுக்கு வெளியே நடைபாதையில் கட்டிலைக் கழற்றிப் போட்டேன். உயரமான கால்களை மேசை உயரத்துக்கு அறுத்தேன். படுக்கைப் பலகைகளைச் சேர்த்து மேல்பாகம் ஆக்கினேன். தேய்க்கும்போது ஓர் ஓரத்தில் மட்டும் உப்புத்தாள் வைக்கவில்லை. அது அவருடைய நல்ல கை பிடித்துப் பிடித்து வழவழப்பான இடம். வலி வந்தால் அதைத்தான் பிடித்துக்கொள்வார். அந்த இடத்தைத் தொட்டபோது உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்துவிட்டு மறுபடி தேய்த்தேன். தலைமாட்டுப் பலகை மிச்சம் இருந்தது. அறுத்த கால் துண்டுகளை அதற்குக் கொடுத்து, ஒரு பெஞ்சாக்கி, நீலத் துணியில் மெத்தை தைத்துப் போட்டு, வாசலுக்கு வெளியே நடைபாதையில் வைத்தேன். பூ செதுக்கிய பகுதியை மட்டும் அறுத்து, மெத்தைக்குக் கீழே முன்பக்கம் தெரியும்படி அடித்தேன்.

அந்த மேசையில் நானும் கோகிலனும் சாப்பிட ஆரம்பித்தோம். முதல் நாள் அவன் தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றபடி சாப்பிட்டான். பத்து நாள் போனதும் உட்கார்ந்தான். போனில் அத்தையிடம் உளறியதும் அவன்தான்.

தனலெட்சுமி என்னைக் கூப்பிட்டார். "பொணம் கிடந்த பலகையில சோறு திங்கிறியாமே! உனக்கு மனசு எப்படிடி வருது?"

"பொணம் கொஞ்ச நேரம்தான் கிடந்துச்சு அண்ணி. ரெண்டு வருஷம் மனுஷன் கிடந்தாரு. நீங்கதான் பாக்கல."

போனை வைத்துவிட்டார். அதன் பிறகு பேச்சு வார்த்தை இல்லை.

வருஷம் திரும்பி முதல் திதி வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம். படையல் போட்டு, காக்கைக்கு வைத்த பிறகு, செத்தவர் பக்கத்து மூத்தவர்தான் முதலில் உட்கார்ந்து கை நனைக்கவேண்டும். அவர் சாப்பிடாமல் வேறு யாரும் இலையைத் தொடமாட்டார்கள். நல்லமுத்து பக்கத்தில் மூத்தவர் என்று இருப்பது இந்த அக்கா ஒருவர்தான். 'அந்த மேசை இருந்தா உள்ள கால் வைக்க மாட்டேன்' என்று கோகிலனிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா உட்காராவிட்டால் என் புருஷனுக்காக ஆக்கிய சோறு ஒரு வாய் கூட யார் வயிற்றிலும் இறங்காது.

"ஒரே ஒரு நாளுமா," என்று கோகிலன் கெஞ்சினான். "ஷரீஃபா ஆன்ட்டி வீட்டுல தூக்கி வெச்சிரலாம். நான் மடக்கு மேசை வாடகைக்கு எடுக்கிறேன்."

"உங்கப்பா இந்த வீட்டுல ஒரு நாளும் ஒளிஞ்சு இருந்ததில்ல. அவரோட கட்டில் மட்டும் ஏன் ஒளியணும்?"

அவன் கடைக்குப் போய், பூப் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று வாங்கி வந்து மேசையை மூடினான். காலெல்லாம் மறையும்படி தொங்கவிட்டான். பையன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

திதியன்று காலையிலிருந்து நின்ற நிலையில் சமையல். அவருக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, வாழைக்காய் வறுவல், சேமியாப் பாயாசம். சொந்தக்காரர்கள் வந்து ஹாலில் சுவரோரமாக நின்றார்கள். யாரும் உட்காரவில்லை, மேசையையும் பார்க்கவில்லை. விரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

தனலெட்சுமி வந்தார். முட்டி ஆபரேஷன் செய்த கால், லிஃப்டிலிருந்து நடந்து வந்ததிலேயே மூச்சு வாங்கியது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"மேசை இருக்கா?"

"இருக்கு அண்ணி. உள்ள வாங்க."

"நான் சொன்னது சொன்னதுதான்." திரும்பி, நடைபாதையில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஹாலில் ஒருத்தருக்கொருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். கோகிலன் என் காதருகே வந்து, "பெஞ்சு..." என்றான். நான் கண்ணால் அடக்கினேன்.

படையல் போட்டேன். அவர் இலையை, மேசையில் அவர் தலை இருந்த பக்கமாக வைத்தேன். காக்கைக்கு வைத்துவிட்டு வந்தோம். ஆவி பறந்த சோறு ஆற ஆரம்பித்தது. ஒருவரும் அசையவில்லை. வாசலில் தெரிந்த தனலெட்சுமியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எல்லாரும் பசியோடு திரும்பிப் போகப் போகிறார்கள், நான் பாயாசத்தைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கப் போகிறேன். கட்டிலைக் காப்பாற்றியவள், சோற்றைக் குப்பையில் போடவா?

விரிப்பின் நுனியைப் பிடித்தேன். இலையைத் தூக்கச் சொன்னேன். கோகிலன் பயந்துபோய்த் தூக்கினான். ஒரே இழுப்பு. விரிப்பு தரைக்கு வந்தது. என் மேசை வெளிச்சத்தில் நின்றது. இலையை வெறும் மரத்தின் மேல் வைக்கச் சொல்லிவிட்டு, அதற்கு அடுத்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"குமுதா! என்ன பண்ற?" என்று என் சித்தி ஒருவர் கத்தினார். "பொம்பளை நீ, அவன் பொண்டாட்டி, நீ முதல்ல கை நனைக்கக் கூடாது!"

"கடைசி வாய்க் கஞ்சி அவருக்கு என் கையால போச்சு. முதல் வாய்ச் சோறும் என் கையாலேயே போகட்டும்."

எனக்கு ஓர் இலை போட்டுச் சோறு பிசைந்தேன். சாப்பிட்டேன். எனக்கு எதிரே ஒரு நாற்காலி நகரும் சத்தம். கோகிலன் உட்கார்ந்தான். "எனக்கும் போடுங்கமா" என்றான். ஒரு வருஷமாக அவன் அத்தை பக்கம் தலையாட்டியது அத்தனையும் எனக்கு அந்த நொடியில் மறந்துபோய்விட்டது. பிறகு கத்திய சித்தியே வந்து உட்கார்ந்தார். இடம் பற்றாமல் முக்காலியையும் இழுத்துப் போட்டார்கள்.

எல்லாருக்கும் பரிமாறிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே போனேன். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனேன், நன்றாக உறைக்கும்படி.

"உக்கார வசதியா இருக்கா அண்ணி? அது கட்டிலோட தலைமாட்டுப் பலகை."

தனலெட்சுமி நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருடைய கை மெத்தைக்குக் கீழே பலகையைத் தடவிக்கொண்டிருந்தது.

"தெரியும்டி. உக்காந்த உடனே தெரிஞ்சிருச்சு. இந்தப் பூவுல ஒரு இதழ் இருக்காது. நான்தான் சின்னப் புள்ளையில உடைச்சேன். அம்மாகிட்ட தம்பி, தான் உடைச்சதாச் சொல்லி அடி வாங்கினான்."

"தெரிஞ்சும் ஏன் எந்திரிக்கல?"

"கொஞ்ச நேரம் அவன் கூட இருக்கலாம்னு."

"அதுக்கு ரெண்டு வருஷம் இருந்துச்சு அண்ணி."

கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போனது. "பயமா இருந்துச்சு குமுதா. அவன் அப்படிக் கிடக்கிறத என் கண்ணால பாக்க முடியாது. அதான் வரல." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இலையை இங்கேயே கொண்டா" என்றார்.

"கொண்டு வர மாட்டேன். அவரோட இலை உள்ளதான் இருக்கு. வேணும்னா வாங்க."

கை கொடுக்கவில்லை நான். அவராகவே சுவரைப் பிடித்து எழுந்து, முட்டியை நொந்துகொண்டு உள்ளே வந்தார். தம்பி இலைக்கு அடுத்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். சோறு வைத்தேன், குழம்பு ஊற்றினேன். வழவழப்பான அந்த ஓரத்தில் தன் இடது கையை வைத்துக்கொண்டு, பாயாசம் வரை சாப்பிட்டார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இலையை மடித்துவிட்டு, மேசையை ஒரு கையால் அமுக்கிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் காலு ஆடுது" என்றார்.

"ஆடட்டும் அண்ணி," என்றேன். "தூக்கிப் போட மாட்டேன்."