மேல்குழாய்த் தண்ணீர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு மூக்கு எதற்கு இருக்கிறதென்றே மறந்துவிட்டது. பால் தொழிற்சாலையின் பின்பக்கம் வந்தால் கைக்குட்டையால் பொத்திக்கொள்ள மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கழிவுநீர்த் தொட்டி புளித்துவிட்டதா என்று ஒருத்தனும் முகர்ந்து பார்ப்பதில்லை. மீட்டர் சும்மா இருந்தால் அவர்களும் சும்மா. அப்படித்தான் போன மாதம் எவனோ இயந்திரம் கழுவுகிற காஸ்டிக் காரத்தை மொத்தமாகத் திறந்துவிட்டு, மூடிய தொட்டிக்குள் அழுக்கைத் தின்றுகொண்டிருந்த கிருமிகளில் பாதியைக் கொன்றான். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இதை வாய் ஓயாமல் திட்டித் தீர்த்தார். ஆனால் அந்தப் பாவி யாரென்று தெரிந்தால் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் என்றும் அவருக்கு உள்ளுக்குள் இருந்தது.

அவனால்தான் மகள் வந்திருக்கிறாள். செத்த தொட்டிகளைத் தேற்றுவதுதான் அவள் வேலை. அம்மா போன பிறகு இரண்டு ராத்திரிக்கு மேல் தங்காதவள், இப்போது பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டாள். கொடியில் அவளுடைய ஈரத் துண்டு தொங்குகிறது. குளியலறை விளக்கை அணைக்காமல் வருகிறாள். அவர் திட்டிக்கொண்டே போய் அணைக்கிறார். அதற்காகவே எழுந்திருக்கிறார் என்றும் சொல்லலாம்.

"எத்தனை மாசம் ஆகும்மா?"

"உசுரோட எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியணும்ப்பா. காத்து படாம வளர்ற கிருமிங்க, சரியான சோம்பேறிங்க. நூறு பங்கு தின்னா அஞ்சு பங்குதான் உடம்புல ஒட்டும். மிச்சமெல்லாம் வாயுவாப் போயிடும்."

"உன்னை மாதிரிதான். உனக்கு ஊட்டினதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல."

அவள் சிரித்தாள். தொட்டிச் சேற்றைக் காயவைத்து எடை போட்டு, பிறகு சின்ன உலையில் வைத்து எரிப்பாள். எரிந்து போன எடைதான் உயிர். மிஞ்சுகிற சாம்பல் வெறும் மண். உயிரை எண்ணுவதற்கு அதைக் கொளுத்துகிற கணக்கு அவர் மண்டையில் ஏறவில்லை. பொய்யோ மெய்யோ, நாள் அதிகமாக வந்தால் போதும் என்றிருந்தது.

சேறு அடியில்தான் இருக்கும். கீழ்க்குழாயில்தான் பிடிக்க வேண்டும். பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. அன்று காலை கை தானாக மேல்குழாய்க்குப் போனது.

"ஐயோ, இவ்வளவு கம்மியா!" எரித்து எடை போட்டுவிட்டு வந்தவள் நெற்றியைத் தேய்த்தாள். "ஆறு மாசமாவது ஆகும்ப்பா."

"ஆகட்டுமே. வீடு சும்மாத்தானே கிடக்கு." முகத்தைக் காட்டாமல் வால்வைத் துடைத்தார். அவளுடைய கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட வேண்டும். மேசைக்கு ஒரு விளக்கு வாங்க வேண்டும்.

அவள் மிச்சம் இருந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் விரல் தெளிவாகத் தெரிந்தது.

"எந்தக் குழாய்ல பிடிச்சீங்க?"

"எல்லாம் ஒரே தொட்டிதானே."

"அப்பா."

"...மேல."

திட்டுவாள் என்று பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு ரெண்டு கத்தியிருக்கலாம். அவள் கீழ்க்குழாய்க்குப் போய்க் குனிந்து, தானே பிடித்தாள். கரேலென்று கெட்டியாக வந்தது. காயவைத்தாள், எரித்தாள், வளரப் போவதைக் கூட்டி, சாகப் போவதைக் கழித்தாள். மறுநாள் மத்தியானம் வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"நிறையவே இருக்குப்பா. தீனியைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினா அதுங்களே தேறிடும். வெள்ளிக்கிழமை கிளம்பலாம்னு இருக்கேன்."

"ம்."

"இனிமே அடிக்கடி வருவேன்."

"இதையும் எரிச்சுப் பார்த்துட்டுதான் சொல்றியா?"

அவள் அவர் தோளில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. பிறகு, வாயுவை எரித்துவிடும் உயரமான குழாயைக் காட்டினாள். "அங்க பாருங்க. இன்னைக்குத்தான் பத்த வெச்சேன். எரியுது."

வெறும் வானம்தான் இருந்தது. "எங்க எரியுது?"

"பகல்ல தெரியாதுப்பா. ஆனா இருக்கு."

"தெரியாததையெல்லாம் இருக்குன்னு சொல்லிட்டுப் போறது உங்க காலத்து ஆளுங்களுக்குச் சுலபம்."

குழாயின் வாய்க்கு மேலே காற்று லேசாக நெளிந்தது. நேரே பறந்து வந்த காக்கை ஒன்று அந்த இடத்தில் சட்டென்று ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது. அவர் கண்ணைச் சுருக்கி இன்னொரு தரம் பார்த்தார்.

"எரியல" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார்.